பொத்தான் போட்ட காலி உறை

கர்னல் அந்தத் துப்பாக்கி உறையை மேஜைமேல் வைத்த பக்குவத்தைப் பார்த்தால், பெற்ற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"மூணு வருஷம்!" என்றார், குரல் தழுதழுக்க. "மூணு வருஷம் குழு போட்டு, கூட்டம் போட்டு, அலசி ஆராய்ஞ்சு தேர்ந்தெடுத்த உறை இது. இனிமே நம்ம விமானிங்க ஒவ்வொருத்தர் இடுப்புலயும் இதுதான் தொங்கும்."

பளபளவென்று தேய்த்த தோல். மேலே ஒரு மூடி, அதை மூடிப் பூட்டப் பித்தளைப் பொத்தான், பொத்தானின்மேல் சின்னதாய் ஒரு கழுகு. கர்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குழு உறுப்பினர்கள் மூன்று பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். மூன்று வருஷமாக அவர்கள் பார்த்த வேலையே அதுதான்.

ஊசி அண்ணி உறையைப் பார்த்தாள். பம்பரம் அதற்குப் பக்கத்தில் இருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்தான்.

ஊசி என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. தனியார் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் சுருக்கென்று குத்தும் என்பதால் ஊர் வைத்த பெயர். பம்பரம் அவள் கணவனின் தம்பி. நல்ல வேலை கிடைக்கும்வரை அண்ணிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று வீட்டில் அனுப்பினார்கள். நல்ல வேலை தேடுவதை அவன் மறந்தே போனான். உருண்டை உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கால், அதைவிட நிற்காத வாய். ராணுவ விமான முகாமுக்குள் அவனை விட்டதே பெரிய விஷயம்.

"மத்ததெல்லாம் ஏன் வேணாம்னீங்க?" என்று கேட்டாள் ஊசி.

மேஜையின் மறுகோடியில் போட்டியில் தோற்ற உறைகள் கிடந்தன. கர்னல் ஒரு குச்சியால் அவற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கையால் தொட அவருக்கு மனம் வரவில்லை.

"இது தொடையில கட்டுறது. போட்டா ரவுடி மாதிரி இருக்கு. இது கக்கத்துல மாட்டுறது. சினிமாக்காரன் மாதிரி இருக்கு. இது நெஞ்சுல கட்டுறது. போட்டா பதக்கம் மறைஞ்சு போகுது. பதக்கம் தெரியலைன்னா யாரு பெரியவன், யாரு சின்னவன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"நியாயம்தான் சார்," என்றான் பம்பரம். "எதிரியே குழம்பிடுவான்."

"பம்பரம், சும்மா இரு," என்றாள் ஊசி. "இடுப்பு உறையை எப்படி சார் சோதிச்சுப் பார்த்தீங்க?"

"எல்லா விதத்துலயும்! நின்னு பார்த்தோம். நடந்து பார்த்தோம். சல்யூட் அடிச்சுப் பார்த்தோம். கம்பீரம்னா கம்பீரம்!"

"உட்கார்ந்து?"

"உட்கார்ந்துதானே கூட்டமே நடத்துனோம்?"

"உறையை இடுப்புல கட்டிக்கிட்டா?"

கர்னல் கொஞ்சம் யோசித்தார். "இல்லை. உட்காரும்போது குத்தும். கழட்டி மேஜையில வச்சிருவோம்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

ஜன்னலோரம் நின்றிருந்த முகாமின் கமாண்டருக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. காலையிலிருந்து நகத்தைக் கடித்துக் கடித்து, கடிக்க நகம் தீர்ந்துபோயிருந்தது அவருக்கு. "கர்னல், உறை புராணம் போதும். உள்ள இருந்த துப்பாக்கி எங்கேன்னுதான் இவங்களைக் கூப்பிட்டிருக்கேன்," என்றவர் ஊசியிடம் திரும்பினார். "நேத்துக் காலையில ஒரு பெண் விமானி ஹெலிகாப்டர் எடுத்துட்டுப் போயிட்டு வந்தா. ரொம்பக் குட்டி உருவம், அதனால எல்லாருக்கும் அவ சிட்டு. கிளம்பும்போது ஆயுதக் கிடங்குல பிஸ்டல் வாங்கியிருக்கா. இறங்கினதும் கர்னல் எல்லாரையும் போட்டோவுக்குக் கூப்பிட்டார். போட்டோ முடிஞ்சு பிஸ்டலைத் திருப்பிக் கொடுக்கப் போனா. பொத்தானைத் திறந்தா, உறை காலி!"

"பொத்தான் போட்டபடியே இருந்ததா?"

"போட்டபடியே!" என்று கர்னல் குறுக்கே பாய்ந்தார். "அதுதான் பாயிண்ட்! என் உறையிலேருந்து துப்பாக்கி தானா நழுவாது. அப்போ யார் எடுத்தது? அவளேதான். எடுத்து எவனுக்கோ வித்துட்டு, பொத்தானைப் போட்டுட்டா. கேஸ் முடிஞ்சுது."

"முகாம் பூரா தேடிட்டோம்," என்றார் கமாண்டர். "ஹெலிகாப்டர், சலவை அறை, குப்பைத்தொட்டி, கக்கூஸ் வரைக்கும். மதியத்துக்குள்ள கிடைக்கலைன்னா தலைமையகத்துக்குச் சொல்லியே ஆகணும். சொன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சு. இனி ஜென்மத்துக்கும் பறக்க முடியாது. அதுக்கு மேல ஜெயில். சாயங்காலம் வேற இந்த உறையைத் திறந்து வைக்கப் பெரிய இடத்துலேருந்து விருந்தாளி வராங்க."

"உறையைத் திறந்து வைக்க ஒரு பொத்தான் போதுமே சார், விருந்தாளி எதுக்கு?" என்றான் பம்பரம். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

"இந்த ஹாலைத் தேடுனீங்களா?" என்று கேட்டாள்.

"இங்க எதுக்குங்க? குழு உட்காருற இடம்!"

கேட்டுக்கொண்டே பம்பரம் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டான். மூலையில், பட்டுத்துணி போர்த்திய ஒரு மேஜைக்குப் பின்னால் பொம்மை ஒன்று நின்றது. துணிக்கடை வாசலில் நிற்குமே, அந்த ஒல்லி ரகம். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாய்த் தைத்து, முன்பக்கம் நீளமாக ஜிப் வைத்த ஃப்ளைட் சூட்டை அதற்கு மாட்டி, இடுப்பில் புது பெல்ட்டும் புது உறையும் கட்டிவிட்டிருந்தார்கள். மூடி திறந்திருந்த உறைக்குள் துப்பாக்கியின் பிடிகூடத் தெரிந்தது. பம்பரம் தொட்டுப் பார்த்தான். கறுப்புச் சாயம் அடித்த மரக்கட்டை.

"தொடாதே!" என்று கர்னல் அலறினார். "விருந்தாளி பார்க்கறதுக்கு வச்சிருக்கேன். நானே என் கையால அலங்காரம் பண்ணது. ஒருத்தரையும் பக்கத்துல விடலை."

"டிரஸ் புதுசா சார்?"

"எல்லாமே புதுசு!"

"அப்புறம் ஏன் இப்படிக் கசங்கிக் கிடக்கு? ராத்திரி பூரா பொம்மைக்குத் தூக்கம் வரலையோ?"

கர்னல் முறைத்தார். ஊசி பொம்மையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே நடந்தாள்.

* * *

சிட்டுவைக் காவல் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். இரும்பு நாற்காலியில் அவள் கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. நெஞ்சில் குத்தியிருந்த இறக்கைச் சின்னத்தை நேற்றே கழற்றி வாங்கிவிட்டார்கள். அது இருந்த இடத்தில் துணி மட்டும் வெளுக்காமல் இருந்தது. பம்பரத்துக்கு அதைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஜோக்கைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டான்.

"வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் ஊசி.

"என்னன்னு சொல்றது? அப்பாவுக்கு நான் பறக்கறதுன்னா உயிரு. எந்த ஹெலிகாப்டர் போனாலும் மாடிக்கு ஓடி வந்து கையாட்டுவார். எங்க அண்ணன் கிண்டல் பண்ணுவான், அது பூச்சிமருந்து அடிக்கறதுப்பான்னு. இருந்தாலும் கையாட்டுவார்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "என்ன தண்டனை வேணா கொடுக்கட்டும் மேடம். என்னைத் தரையில மட்டும் நிறுத்திட வேணாம்னு சொல்லுங்க."

"துப்பாக்கியை எங்க வச்சிருந்தீங்க?"

"உறையிலதான்." பதில் சட்டென்று வந்தது. கண் மட்டும் தரையைப் பார்த்தது.

"உறையைக் கட்டிக்கிட்டு உங்க சீட்டுல எப்படி உட்காருவீங்க?"

சிட்டு வாயைத் திறந்தாள். மூடினாள். உதட்டைக் கடித்தாள்.

"சரி, வேண்டாம். நீங்க பொய் சொல்றீங்க. ஆனா உங்களுக்காகச் சொல்லலை, வேற யாரையோ காப்பாத்தறீங்க. அவங்களையே போய்க் கேட்டுக்கறேன்," என்று எழுந்தாள் ஊசி.

வெளியே வந்ததும் பம்பரம் அவளோடு ஓடிக்கொண்டே கேட்டான். "அண்ணி, எப்படிப் பொய்யின்னு கண்டுபிடிச்சீங்க?"

"உங்க அண்ணன் இப்படித்தான். சர்க்கரை டப்பாவைத் தொடவே இல்லைன்னு சொல்லும்போது தரையைத்தான் பார்ப்பார்."

* * *

சிட்டுவோடு பறக்கும் துணை விமானிக்கு மீசை என்று பெயர். ஆள் வருவதற்குக் கொஞ்சம் முன்பே அது வந்துவிடும் என்பதால் வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை. ஹெலிகாப்டர் கொட்டகையில், சிட்டுவின் ஹெலிகாப்டர் கதவைப் பிடித்துக்கொண்டு துக்க வீட்டு வாசலில் நிற்கிறவர் போல நின்றிருந்தார். அன்றைக்குப் பறக்கத் தயாராக வந்திருந்தார். இடுப்பில் புது உறை. பொத்தான் போட்டிருந்தது.

"பம்பரம், சாரோட பெல்ட் ஒண்ணு இரவல் வாங்கிக் கட்டிக்கோ. சீட்டுல உட்காரு," என்றாள் ஊசி.

"நானா? அண்ணி, எனக்கும் ஹெலிகாப்டருக்கும்..."

"பறக்கச் சொல்லலை. உட்காரத்தான் சொன்னேன்."

ஓரத்து மேஜைமேல் கிடந்த வேறொரு காலி உறையைப் பெல்ட்டோடு மீசை எடுத்துத் தந்தார். பம்பரம் அதைச் சட்டைக்குமேல் கட்டிக்கொண்டு சீட்டுக்குள் இறங்கினான். இறங்கியதும் உடையில் பெல்ட் கோக்க வளையம் எதற்கு வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்தது. அது ஃப்ளைட் சூட்டில் கிடையாது என்றும் மீசை சொல்லித் தெரிந்தது. பெல்ட் தன்பாட்டுக்கு மேலேறி விலாவில் போய் நின்றது. உறை முழுசாகக் குறுக்குவாட்டில் திரும்பி இடுப்பெலும்பைக் குடைந்தது. மீசை தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலிடுக்கில் ஒன்று என்று பட்டைகளை இழுத்துப் பூட்டினார். பூட்டு சரியாக உறையின்மேல் வந்து உட்கார்ந்தது.

"இப்போ எதிரி வந்துட்டான். துப்பாக்கியை எடு," என்றாள் ஊசி.

பம்பரம் கையை விட்டான். கை போகவில்லை. உடம்பை முறுக்கினான். முதுகில் எங்கோ சுளுக்கென்றது. "அண்ணி, எதிரிகிட்டக் கொஞ்சம் அவகாசம் கேளுங்க. பொறுமைசாலியா இருந்தா நாளைக்குள்ள எடுத்துடுவேன்."

மீசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது ஆள் கொஞ்சம் அசந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஊசி கையை நீட்டி, அவர் இடுப்பு உறையின் பித்தளைப் பொத்தானைப் பட்டென்று திறந்தாள்.

உள்ளே ஒரு கறுப்புக் கண்ணாடியும் இருமல் மிட்டாய்ப் பொட்டலமும் இருந்தன.

"ஓஹோ!" என்றான் பம்பரம் சீட்டில் கட்டுண்டபடி. "எதிரிக்கு இருமல் இருந்தா உதவும்."

மீசையின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் பார்வை அவரை அறியாமல் தன் வலது கால் பக்கம் போய்வந்தது. ஃப்ளைட் சூட்டில், முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக ஜிப் வைத்த பெரிய பை ஒன்று உண்டு. அது புடைத்திருந்தது.

"காட்டுங்க," என்றாள் ஊசி.

காட்டினார். நிஜத் துப்பாக்கி. ஊசி அதைக் கையில் வாங்கவில்லை. உறையில் வைக்கச் சொன்னாள். மீசை வைத்தார். முக்கால்வாசி போயிற்று. பிடி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மூடியை இழுத்தார், முட்டியால் அழுத்தினார். பொத்தானுக்கும் அதன் குழிக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் இடைவெளி அப்படியே இருந்தது.

"துப்பாக்கி உள்ள இருந்தா பொத்தான் விழாது. பொத்தான் விழணும்னா உறை காலியா இருக்கணும்," என்றாள் ஊசி. "அப்போ சிட்டு உறையிலேருந்து யாரும் எதையும் எடுக்கலை. அதுல எதுவும் இருந்ததே இல்லை. எல்லாருமே கால் பையிலதான் வச்சிருக்கீங்க, அப்படித்தானே?"

"எல்லாரும்தான் மேடம்," என்று உடைந்துபோனார் மீசை. "உறையைத் தவிர வேற எங்க வச்சாலும் தண்டனைன்னு உத்தரவு போட்டிருக்கார் கர்னல். சிட்டு வாயைத் திறந்தா நாங்க அத்தனை பேரும் மாட்டுவோம். அதான் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா. நாங்க ராத்திரியே பேசிட்டோம், மதியத்துக்கு முன்னாடி எல்லாருமாப் போய் ஒத்துக்கறதுன்னு. அவதான் வேணாம்னு சத்தியம் வாங்கிட்டா."

"துப்பாக்கி நுழையலைன்னு முதல்லயே புகார் பண்ணியிருக்கலாமே சார்?" என்றான் பம்பரம்.

"பண்ணோம் தம்பி. விசாரிக்கக் குழு போட்டாங்க. அதுக்கும் கர்னல்தான் தலைவர்."

பம்பரம் குழு உறுப்பினர்களைப் போலவே தலையாட்டினான்.

மீதியை மீசையே சொல்லிவிட்டார். நேற்று இறங்கியதும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார்கள். போட்டோவுக்குச் சுத்தமான உடையில் உடனே வரவேண்டும், தாமதமாக வந்தால் நடப்பதே வேறு என்று கர்னல் ஆளனுப்பி விரட்டினார். சிட்டு பதறியடித்துக்கொண்டு உடை மாற்றினாள். வேர்த்து நனைந்த ஃப்ளைட் சூட்டை உடைமாற்றும் அறைக் கொக்கியில் மாட்டிவிட்டு, பெல்ட்டையும் உறையையும் மட்டும் மாற்றுடையின்மேல் கட்டிக்கொண்டு ஓடினாள். கால் பையில் துப்பாக்கி இருந்ததே அப்போது அவளுக்கு ஞாபகமில்லை. வரிசையில் நின்று சிரிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து பார்த்தால், கொக்கி இருந்தது. உடையைக் காணோம்.

"சலவைக்குப் போயிருக்கும்னு அங்க போய்க் குடைஞ்சோம். இல்லை. துப்பாக்கின்னு தெரிஞ்சு எவனோ தூக்கிட்டான் மேடம்."

"துப்பாக்கி வேணும்னா துப்பாக்கியை மட்டும் எடுத்திருப்பான். வேர்த்துப்போன உடையையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போக மாட்டான். அவனுக்கு வேண்டியது உடைதான்," என்றாள் ஊசி. "அதுவும் இந்த முகாம்லயே சின்ன அளவு உடை. யாருக்குப் போதும் அது?"

"எனக்கு நிச்சயம் போதாது," என்றான் பம்பரம். "ஒரு கை வேணா நுழையும். அண்ணி, முதல்ல என்னை அவிழ்த்து விடுங்களேன்."

* * *

மீசையையும் கூட்டிக்கொண்டு அவர்கள் ஹாலுக்குத் திரும்பியபோது கமாண்டர் தொலைபேசியைக் கையில் எடுத்திருந்தார். தலைமையகத்து எண்ணைச் சுற்ற வேண்டியதுதான் பாக்கி. சிட்டுவையும் அழைத்து வந்து கதவோரம் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் காவலர்கள். கர்னல் பொம்மையின் உறையை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கமாண்டர் சார், ஒரே ஒரு கேள்வி. அப்புறம் போன் பண்ணுங்க," என்றாள் ஊசி. "கேள்வி உங்களுக்கில்லை, பொம்மைக்கு."

"பொம்மைக்கா?"

"இது எப்போ உட்கார்ந்துச்சு?"

கமாண்டர் கர்னலைப் பார்த்தார். கர்னல் உறுப்பினர்களைப் பார்த்தார். அவர்களுக்கு இதற்குத் தலையாட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"புது உடைன்னு கர்னல் சொன்னார்," என்று ஊசி பொம்மையைச் சுற்றி நடந்தாள். "புது உடையில மடிச்ச கோடு இருக்கும். இதுல மடியில சுருக்கம். முட்டிக்குப் பின்னால சுருக்கம். ரெண்டு தோள்லயும் பட்டை அழுத்தின தழும்பு. யாரோ இதைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்காங்க, இறுக்கமா கட்டுப்பட்டு. பெயர் ஒட்டுற இடத்துல பெயரைக் காணோம், ஒட்டுப்பட்டை மட்டும் இருக்கு. கர்னல் சார், ஒல்லிப் பொம்மைக்குக் கிடங்குல இருந்த எந்த உடையும் சேரலை, இல்லையா?"

"அது... தொளதொளன்னு தொங்குச்சு. விருந்தாளி வர நேரத்துல..." என்று இழுத்தார் கர்னல். "உடை மாத்துற அறையில சும்மா ஒண்ணு தொங்கிக்கிட்டிருந்தது. எல்லாரையும் போட்டோவுக்கு வரிசையில நிக்க வச்சுட்டு வந்திருந்தேன். கேட்க ஆள் இல்லை."

"கனமா இல்லையா?"

"விமானி உடை கனமாத்தான் இருக்கும்னு நினைச்சேன்!"

கதவோரம் சிட்டு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊசி கண்ணைக் காட்ட, பம்பரம் பட்டுத்துணி போர்த்திய மேஜையைத் தள்ளினான். குனிந்து பொம்மையின் கால் பை ஜிப்பை இழுத்தான். இரண்டு விரலால், எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல, துப்பாக்கியை வெளியே எடுத்தான்.

அடுத்த கணம் குழுவைக் காணவில்லை. உறுப்பினர்கள் மூன்று பேரும் மேஜைக்கு அடியில் இருந்தார்கள். கர்னல் பொம்மைக்குப் பின்னால் இருந்தார்.

"தோட்டா இல்லை," என்று வாங்கிச் சோதித்த கமாண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "வெளிய வாங்கய்யா. மானம் போகுது."

சிட்டு அழுதேவிட்டாள். மீசை அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பம்பரமும் சந்தோஷத்தில் பிஸ்கட் தட்டை நோக்கி நகர்ந்தான். ஆனால் கர்னல் பொம்மைக்குப் பின்னாலிருந்து வந்தபோது பழைய கர்னலாகவே வந்தார்.

"கால் பையில!" என்று கூவினார். "பார்த்தீங்களா? கால் பையில வச்சிருக்கா! உத்தரவை மீறியிருக்கா! திருடலைன்னா என்ன, குற்றம் குற்றம்தான். அவளைத் தரையில நிறுத்தியே ஆகணும்!"

கமாண்டரின் முகம் மாறியது. சட்டப்படி அதுவும் சரிதான். அவர் கை மறுபடியும் தொலைபேசிப் பக்கம் போயிற்று. சிட்டுவின் அழுகை பாதியில் நின்றது.

"ரொம்ப சரி," என்றாள் ஊசி. "உறையிலதான் வச்சிருக்கணும். எப்படின்னு நீங்களே வச்சுக் காட்டிடுங்க கர்னல் சார், அந்தப் பொண்ணு கத்துக்கட்டும்."

கர்னல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொம்மையின் உறையிலிருந்து மரக்கட்டையை உருவி எறிந்தார். துப்பாக்கியைச் செருகினார். மூடியை இழுத்தார். மறுபடி இழுத்தார். முட்டியை வைத்து அழுத்தினார். பொம்மை ஆடியது. உறுப்பினர் ஒருவர் ஓடிவந்து பொம்மையைப் பிடித்துக்கொண்டார். கர்னலின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பொத்தான் விழவில்லை.

"துப்பாக்கி... கொஞ்சம் வீங்கியிருக்கு," என்றார் மூச்சு வாங்க.

"எதை வச்சு அளவு கொடுத்தீங்க?" என்று கமாண்டர் மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவைக் கேட்டு மீசையே விறைப்பாக நின்றுவிட்டார்.

கர்னல் தரையில் கிடந்த கட்டையைப் பார்த்தார். "நிஜத் துப்பாக்கி வேணும்னா ஆயுதக் கிடங்குல அனுமதி கேட்கணும். அது இழுத்துக்கிட்டே போகும். தச்சன்கிட்டப் படத்தைக் காட்டிச் செய்யச் சொன்னோம். நல்லாத்தான் செஞ்சிருந்தான்... கொஞ்சம் ஒல்லியா."

"கட்டைக்கு உறை பண்ணிட்டு, நிஜத் துப்பாக்கி நுழையலைன்னு அந்தப் பொண்ணை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தீங்க!" கமாண்டர் தொலைபேசியை வைத்த வேகத்தில் அதிலிருந்து ஒரு துண்டு தெறித்தது. "விசாரணை ரத்து. அந்த இறக்கையை அவகிட்டக் கொடுங்க. இந்தக் குழுவுல பறக்கறவங்க ஒருத்தர்கூட இல்லாததுதான் இத்தனைக்கும் காரணம். சிட்டு! இன்னையிலேருந்து நீயும் குழுவுல உறுப்பினர். பறக்கறதை நிறுத்திட்டு இந்த ஹால்ல உட்கார்ந்து, நல்ல உறை ஒண்ணைத் தேர்ந்தெடுத்துட்டு அப்புறம் போ!"

பெரிய மரியாதை செய்துவிட்ட திருப்தியில் கமாண்டர் சிரித்தார். சிட்டுவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போயிற்று.

"சார்," என்றாள் தயங்கித் தயங்கி. "ஜெயில்னா எத்தனை மாசம் சார் வரும்?"

பம்பரத்துக்குப் பிஸ்கட் புரையேறியது. அண்ணி அவன் முதுகில் ஓர் அறை விட்டுவிட்டுக் கமாண்டரிடம் திரும்பினாள். "நல்ல யோசனை சார். ஒரே ஒரு திருத்தம். குழு இங்க கூடிப் பேச வேண்டாம். உறையைப் போடப்போறது ஹெலிகாப்டர்ல. கூட்டத்தை ஹெலிகாப்டர்லயே வச்சுக்கட்டும், மேலே. எல்லாரும் ஃப்ளைட் சூட் போட்டு, அவங்கவங்களுக்குப் பிடிச்ச உறையைக் கட்டிக்கிட்டு, பட்டையெல்லாம் பூட்டிக்கிட்டு. முடிவாகற வரைக்கும்."

"அதெல்லாம்..." என்று கர்னல் ஆரம்பித்தார். "எனக்கு லிஃப்ட்ல ஏறினாலே தலை சுத்தும்."

"விருந்தாளி வரதுக்குள்ள நீங்க கண்ணுல படாம இருந்தாலே எனக்குப் போதும்," என்றார் கமாண்டர். "ஏறுங்க எல்லாரும்!"

அப்புறம் நடந்ததைப் பம்பரம் கட்டுப்பாட்டு அறையில் நின்று ரேடியோவில் கேட்டான். ஜன்னலுக்கு வெளியே ஹெலிகாப்டர் தூசியைக் கிளப்பிக்கொண்டு எழுந்தது. ஒரு வட்டம் அடித்தது. சாய்ந்து இன்னொரு வட்டம் அடித்தது. மூன்று வருஷம் இழுத்த பேச்சு, மூன்றாவது வட்டத்தில் முடிந்துவிட்டது. முதலில் யாரோ வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கர்னலின் குரல்: நெஞ்சில் கட்டுகிற உறையே போதும், பதக்கம் மறைந்தால் மறையட்டும், இடுப்பில் இருக்கிற இந்தச் சனியனை யாராவது கழற்றிவிடுங்கள், குழு ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது, தயவுசெய்து இறக்குங்கள்.

கமாண்டர் ஒலிவாங்கியை எடுத்தார். "சிட்டு, முடிவு தெரிஞ்சாச்சு. இறங்கலாம்."

ஹெலிகாப்டர் ஊர்ப்பக்கம் திரும்பி, வீடுகளுக்குமேல் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது.

"இறங்கறேன் சார்," என்றது சிட்டுவின் குரல். அழுது ஓய்ந்த குரல்தான், ஆனால் அதில் சிரிப்பு இருந்தது. "எங்க அப்பா இன்னும் மாடிக்கு வரலை. அவர் கையாட்டினதும் இறங்கிடறேன்."